ராம்ப்ஸ் பறிக்க மூக்கை மட்டும் நம்பாதீர்கள்

வட அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைக்காடுகளில் பனி விலகியதும் முதலில் தலைகாட்டும் கீரைகளில் ஒன்று ராம்ப்ஸ். பூண்டையும் வெங்காயத்தையும் சேர்த்து நசுக்கியது போன்ற வாசனை. பச்சையே கண்ணில் படாத குளிர்காலம் முடிந்ததும், அங்குள்ள பழங்குடியினரான செரோக்கி மக்கள் உடம்பைத் தேற்ற இதை உண்டார்கள். சளிக்கும் கொடுத்தார்கள்; சாற்றைச் சூடாக்கிக் காதுவலிக்கு விட்டார்கள்.

நம்மவர்கள் பெயரிலேயே தடுக்கி விழுகிறார்கள். இதைக் ‘காட்டு வெங்காயம்’ என்று தமிழாக்கிவிடாதீர்கள். நம் ஊரில் அந்தப் பெயர் நரிவெங்காயத்துக்கு உரியது. அது வேறு குடும்பம். இதயத்தைத் தாக்கும் நஞ்சு அதில் இருக்கிறது. ராம்ப்ஸுக்குச் சொன்ன பக்குவம் எதையும் அதில் செய்து பார்க்கக் கூடாது.

பெரிய ஆபத்து பறிக்கும் இடத்தில்தான். ‘கசக்கி முகர்ந்தால் பூண்டு வாசனை வரும், அதுதான் அடையாளம்’ என்பார்கள். முதல் செடிக்கு அது சரி. நாலைந்து பறித்த பிறகு விரலெல்லாம் பூண்டு மணக்கும். அப்புறம் எந்த இலையைக் கசக்கினாலும் அதே வாசனைதான். பக்கத்திலேயே முளைக்கும் விராட்ரம், பள்ளத்தாக்கு லில்லி என்ற செடிகள் இரண்டும் நஞ்சு. விராட்ரம் இரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் அபாயகரமாகக் குறைத்துவிடும். ஆகவே கண்ணால் பாருங்கள். ராம்ப்ஸின் இலை வழவழப்பானது, காம்பு பெரும்பாலும் செவ்வூதா நிறம், அடியில் சின்ன வெங்காயம் போல வெள்ளைக் குமிழ். விராட்ரத்தின் இலையோ விசிறி மடிப்பு மடிப்பாக, தண்டைச் சுற்றி அடுக்கடுக்காக வரும். ஒவ்வொரு செடியையும் தனித்தனியாகப் பாருங்கள், சந்தேகம் வந்தால் விட்டுவிடுங்கள்.

அடுத்தது, கொத்தாகத் தோண்டி எடுப்பது. இதைப் பார்க்கவே மனம் பொறுக்கவில்லை. விதை முளைக்கவே ஓராண்டுக்கு மேல் ஆகலாம். செடி முதிர மேலும் 5 முதல் 7 ஆண்டுகள். கனடாவின் கியூபெக் மாகாணம் 1995இல் விற்பனையையே தடை செய்தது. சொந்த உபயோகத்துக்கு ஆண்டுக்கு 50 குமிழ்கள்தான். செடிக்கு ஓர் இலை கிள்ளினால் போதும், குமிழ் மண்ணிலேயே இருக்கட்டும்.

காதுவலிக்குச் சாறு விடுவதையும் இன்று யாரும் பின்பற்ற வேண்டாம். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் சாறு உள்ளே இறங்கிவிடும், மருத்துவரிடம் காட்டுங்கள். பச்சை இலையை எண்ணெயில் ஊறப்போட்டு அடுப்படியில் வைப்பதும் கூடாது. காற்றுப் புகாத எண்ணெயில் போட்டுலிசம் என்ற கொடிய நோயை உண்டாக்கும் கிருமி வளரும். மிஞ்சியதை நறுக்கி உறைநிலைப் பெட்டியில் வையுங்கள்.