உங்கள் நிதி திரட்டலைப் பிரபலம் ஒருவர் பகிரப் போகிறாரா? முதலில் இதைச் செய்யுங்கள்

2022 ஏப்ரல் வெள்ளத்தின்போது நான் தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு கோயில் சமையற்கூடத்துக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். குவாசுலு-நட்டாலில் 400 பேருக்கு மேல் இறந்த வெள்ளம் அது. வீடு போனவர்கள் கம்யூனிட்டி ஹால்களில் படுத்திருந்தார்கள், நாங்கள் சோறும் பருப்பும் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தோம், அப்புறம் அரிசி, மாவு, எண்ணெய், பீன்ஸ், சர்க்கரை போட்டு ஹாம்பர். கமிட்டியில் இருக்கும் ஒரு பையன் போனிலேயே ஒரு போஸ்டர் செய்து வாட்ஸ்அப்பில் விட்டான். அது எப்படியோ சுற்றிச் சுற்றிப் போய், டர்பனில் எல்லாருக்கும் முகம் தெரிந்த ஒரு நகைச்சுவைக் கலைஞர் தன் பக்கத்தில் பகிர்ந்துவிட்டார்.

நல்ல மனசோடுதான் பகிர்ந்தார். ஆனால் போஸ்டரில் இருந்தது எங்கள் பொருளாளர் அங்கிளின் சொந்த சேமிப்புக் கணக்கு. சாயங்காலம் அவர் போன் மேசைமேல் கிடந்து நடுங்கிக்கொண்டே இருந்தது: 50 ராண்ட், 20 ராண்ட், 100 ராண்ட், மறுபடியும் 50. மறுநாள் வங்கியிலிருந்து கூப்பிட்டு இது என்ன பணம் என்று கேட்டார்கள். அவர் பென்ஷனும் அதே கணக்கில்தான் வந்து விழும். எது பென்ஷன், எது வெள்ள நிதி என்று பிரித்து எழுத எனக்கு மூன்று ராத்திரி ஆனது. அங்கிள் ஒரு காசு தொடவில்லை, அது எனக்குத் தெரியும். ஊருக்கு எப்படித் தெரியும்?

அதனால்தான் இதை எழுதுகிறேன். முன்பெல்லாம் உண்டியல், வீடு வீடாக ரசீதுப் புத்தகம், போனால் போகிறது என்று வானொலியில் ஒரு அறிவிப்பு. கொடுப்பவருக்கு வாங்குபவரைத் தெரியும், தெரியாவிட்டால் அவருடைய மாமனாரையாவது தெரியும். இப்போது கேப்டவுனில் இருக்கிற ஒருவர் உங்களை நம்பிக் கொடுப்பதில்லை, பகிர்ந்தவரின் முகத்தை நம்பிக் கொடுக்கிறார். அந்த முகம் கடன் வாங்கிய நகை மாதிரி. கழுத்தில் இருக்கும்வரை அழகுதான், தொலைந்தால் பதில் சொல்ல வேண்டியது நாம்.

முதல் வேலை வங்கிக் கணக்கு. தனி நபர் பெயரில் வேண்டவே வேண்டாம். அமைப்பின் பெயரில் கணக்கு, பணம் எடுக்க இரண்டு பேர் ஒப்புதல், அந்த இரண்டு பேரும் ஒரே வீட்டுக்காரர்களாக இருக்கக் கூடாது. கணவனும் மனைவியுமாகக் கையெழுத்துப் போடும் கமிட்டிகளை நான் பார்த்திருக்கிறேன், சிரிக்க வேண்டாம். முடிந்தால் இந்த ஒரு நிதிக்கு மட்டும் தனிக் கணக்கு திறந்துவிடுங்கள். முடியாவிட்டால் போஸ்டரில் ஒரு ரெஃபரன்ஸ் சொல் கொடுங்கள், ‘வெள்ளம்’ என்பதை ஆங்கில எழுத்தில் போடச் சொன்னால் போதும், பிறகு வரவுகளைப் பிரிப்பது பத்து நிமிட வேலை. வெள்ளம் வந்த பிறகு கணக்குத் திறக்க ஓடினால் நடக்காது, வங்கி கமிட்டிக்காரர்கள் எல்லாருடைய அடையாள ஆவணமும் முகவரிச் சான்றும் கேட்கும். சும்மா இருக்கும் காலத்திலேயே செய்து வையுங்கள்.

அடுத்தது போஸ்டரில் இருக்கும் வாசகம். இதைத்தான் எல்லாரும் அலட்சியமாக விடுகிறார்கள், நான் இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 2020 ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் காட்டுத் தீ எரிந்தபோது செலஸ்ட் பார்பர் என்ற நகைச்சுவை நடிகை ஃபேஸ்புக்கில் நிதி கேட்டார். அவர் வைத்த இலக்கு 30,000 டாலர். வந்தது 5 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல். இவ்வளவு வருவதைப் பார்த்ததும் அவர், மற்ற மாநிலங்களுக்கும், வீடு இழந்தவர்களுக்கும், விலங்குகளுக்கும் பிரித்துக் கொடுப்போம் என்றார். கொடுத்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். ஆனால் பணம் போய்ச் சேர்ந்த இடம் நியூ சவுத் வேல்ஸ் கிராமப்புறத் தீயணைப்புப் படைக்கான ஓர் அறக்கட்டளை. வழக்கு அந்த மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2020 மே மாதம் தீர்ப்பு வந்தது: அறக்கட்டளைப் பத்திரத்தில் எழுதியிருப்பதற்கு வெளியே, வேறு தொண்டு நிறுவனங்களுக்கு இந்தப் பணத்தைக் கொடுக்க முடியாது. காயம்பட்ட தீயணைப்பு வீரர்களுக்கும், இறந்தவர்களின் குடும்பங்களுக்கும், பயிற்சிக்கும் கருவிகளுக்கும் செலவழிக்கலாம், அவ்வளவுதான். அவர் வீடியோவில் என்ன சொன்னார் என்பதைச் சட்டம் பார்க்கவில்லை, காகிதத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பார்த்தது.

நம் அளவு சின்னது, ஆனால் சிக்கல் அதேதான். “வெள்ளத்தில் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கு” என்று உருக்கமாக எழுதிவிட்டு, வந்த பணத்தில் பாட்டிகளுக்குக் கம்பளி வாங்கினால் ஒருவர் கேட்கத்தான் செய்வார், கேட்பதில் தப்பும் இல்லை. இப்போது நாங்கள் போடும் வாசகம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“இந்தப் பணம் சாட்ஸ்வொர்த் பகுதியில் வெள்ளத்தால் பாதிக்கப்பட்ட குடும்பங்களின் உணவுக்கும் கம்பளிக்கும் செலவிடப்படும். தேவை முடிந்து மிச்சமிருந்தால் எங்கள் வாராந்திர அன்னதானத்துக்குப் போகும். [ஆண்டு] ஏப்ரல் 30 வரை மட்டும் பெறுகிறோம்.”

அந்த இரண்டாவது வரியை விடாதீர்கள். மிச்சம் வராது என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம், பிரபலம் தொட்டால் வரும். மூன்றாவது வரியில் ஆண்டையும் சேர்த்துப் போடுங்கள், நாங்கள் போடாமல் பட்டோம். 2024 ஜூன் 3 அன்று டர்பனுக்கு வடக்கே இருக்கும் டோங்காட்டைச் சுழற்காற்று தாக்கியபோது, எங்கள் பழைய வெள்ளப் போஸ்டர் திடீரென்று உயிர்பெற்று வலம் வந்தது. அதில் ஒரு பிரதியில் கணக்கு எண்ணை யாரோ மாற்றியிருந்தார்கள்.

ரசீது விஷயம். கொஞ்சம் பெரிய தொகை கொடுப்பவர் உடனே கேட்பது வரிக் கழிவுக்கான 18ஏ சான்றிதழ். நிறையப் பேர் சமூக நலத் துறையில் பதிந்து வாங்கும் என்.பி.ஓ. (லாப நோக்கற்ற அமைப்பு) எண் இருந்தாலே போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. 18ஏ என்பது வருவாய்த் துறையான சார்ஸ் தனியாகக் கொடுக்கும் அனுமதி. அது உள்ள அமைப்புக்குக் கொடுத்தால்தான், கொடுப்பவர் தன் வரிக்குரிய வருமானத்தில் 10 சதவீதம் வரை கழித்துக்கொள்ள முடியும். இன்னொன்று, கோயில் என்பதற்காக 18ஏ கிடைத்துவிடாது. வழிபாட்டுப் பணி அந்தப் பட்டியலில் இல்லை. பசித்தவர்களுக்கு உணவு, முதியோர் கவனிப்பு போன்றவை உண்டு. ஆகவே கும்பாபிஷேகக் கணக்கையும் அன்னதானக் கணக்கையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள். அனுமதி இல்லையா, “வரிச் சலுகை ரசீது தர இயலாது” என்று போஸ்டரிலேயே எழுதிவிடுங்கள். பகிரப்போகிற பிரபலத்திடமும் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அவர் உற்சாகத்தில் லைவில் வாக்குக் கொடுத்துவிடுவார்.

அந்தப் பிரபலத்திடம் வேறு என்ன பேச வேண்டும்? மூன்றே விஷயம். போஸ்டரை வெட்டி ஒட்டாமல் முழுதாகப் போடச் சொல்லுங்கள். பணத்தை அவர் கணக்கில் வாங்கி நமக்கு அனுப்புகிறேன் என்றால், கும்பிட்டு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அது அவருக்கும் நல்லதல்ல. கெடு முடிந்ததும் பதிவை எடுத்துவிடவோ “முடிந்தது” என்று மேலே எழுதவோ கேட்டுக்கொள்ளுங்கள். சிலர் பகிர்வதற்குக் கட்டணம் கேட்பார்கள். என் கருத்து, அந்தக் காசுக்கு எத்தனை ஹாம்பர் வரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

பகிர்ந்த முதல் இரண்டு நாளில்தான் கள்ளன் வருவான். எங்களுக்கு வந்தது இப்படி: ஒரு ஆன்ட்டி, குரலைக் கேட்டால் பாவமாக இருக்கும், வாட்ஸ்அப்பில் 5,000 ராண்ட் அனுப்பியதற்கான வங்கிச் சீட்டுப் படத்தைப் போட்டு, “தம்பி, 500 போட நினைத்து ஒரு சைபர் கூடிப்போச்சு, மருந்து வாங்கக்கூடக் காசில்லை, மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்கள்” என்று வாய்ஸ் நோட் அனுப்பினார். அனுப்பினோம். நான்தான் அனுப்பினேன், 4,500 ராண்ட். அந்த 5,000 வரவே இல்லை, சீட்டே போலி. கமிட்டியில் என் கைக்காசைப் போட்டு அடைத்தேன். இ.எஃப்.டி. என்ற மின்னணுப் பணப் பரிமாற்றத்தில் வேறு வங்கியிலிருந்து வரும் பணம் ஒன்றிரண்டு நாள் பிடிக்கலாம், அந்த இடைவெளியில்தான் இந்தப் பிழைப்பு நடக்கிறது. சீட்டை நம்பாதீர்கள், உங்கள் கணக்கில் பணம் உட்கார்ந்திருப்பதைக் கண்ணால் பாருங்கள். திருப்பித் தர வேண்டியிருந்தால் ஏழு நாள் கழித்து, கமிட்டி முடிவோடு, பணம் வந்த அதே கணக்குக்கு மட்டும். உண்மையான ஆளாக இருந்தால் காத்திருப்பார்.

பொருளாகக் கொடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. பிரபலம் “ஏதாவது கொண்டுபோய்க் கொடுங்கள்” என்று சொன்னால் ஏதாவதுதான் வரும். எங்கள் கோயில் வாசலில் மூன்று பெட்டி டின் மீன் வந்து இறங்கியது, முருகன் என்ன நினைத்தாரோ. பக்கத்துத் தேவாலயத்துக்குக் கொடுத்துவிட்டு அவர்களிடமிருந்து பீன்ஸ் மூட்டை வாங்கிக்கொண்டோம். என்ன வேண்டும், எங்கே, எத்தனை மணிக்குள் என்று எழுதிவிடுங்கள். பழைய துணி வேண்டாம் என்றும் எழுதுங்கள், இதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

படம் எடுப்பது. தென்னாப்பிரிக்காவில் பி.ஐ. பகாதியின் வீடியோக்களைப் பார்க்காதவர் குறைவு. தெருவில் இருப்பவர்களுக்குப் பணம் கொடுப்பார், தன் முகத்தைக் காட்ட மாட்டார். கொடுப்பவர் முகம் மறைந்திருப்பது எனக்குப் பிடிக்கும், ஆனால் வாங்குபவர் முகம் தெரிகிறதே என்பது என்னை உறுத்தும். இது என் கருத்து, உங்களுக்கு வேறாக இருக்கலாம். ஜூலை 18 மண்டேலா நாளில் 67 நிமிடம் தொண்டு என்று கிளம்பி, அதில் 40 நிமிடம் படம் பிடிக்கிறவர்களையும் பார்த்தாயிற்று. நாங்கள் வைத்திருக்கும் விதி: கை, பை, டேக்சா, வரிசையில் நிற்பவர்களின் முதுகு. முகம் வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்டு, எழுத்தில் சம்மதம் வாங்கி, சம்மதிக்காவிட்டாலும் ஹாம்பர் உண்டு என்பதை முதலில் சொல்லிவிட்டு. 2021 ஜூலை முதல், தனிநபர் தகவலைக் காக்கும் போப்பியா சட்டத்தை மீறினால் நடவடிக்கை உண்டு, குழந்தைகள் என்றால் பெற்றோர் சம்மதம் இல்லாமல் தொடாதீர்கள். ஹாம்பர் வாங்கிய பெண்ணின் மகன் அடுத்த வாரம் அதே படத்தோடு பள்ளிக்கூடம் போக வேண்டியிருக்கும்.

எல்லாம் முடிந்த பிறகு கணக்கைப் போடுங்கள். எவ்வளவு வந்தது, எதற்குப் போனது, மிச்சம் எவ்வளவு, ஒரே பக்கம், போஸ்டர் போட்ட அதே இடங்களில். பகிர்ந்தவருக்கும் அனுப்பி அதையும் பகிரச் சொல்லுங்கள். பாதிப் பேர் பகிர மாட்டார்கள், கணக்கில் கண்ணீர் வராது அல்லவா. பரவாயில்லை. பீட்டர்மரிட்ஸ்பர்க்கில் டாக்டர் இம்தியாஸ் சூலிமான் 1992-இல் தொடங்கிய கிஃப்ட் ஆஃப் த கிவர்ஸ் இன்று நாடறிந்த பெயர். வெள்ளமோ வறட்சியோ முதலில் போய் நிற்கிறார்கள், அவர்களுக்காக ஒரு நடிகர் வந்து உத்தரவாதம் கொடுக்க வேண்டியதில்லை.

வந்த கூட்டம் தங்காது என்பதையும் இப்போதே மனசில் வைத்துக்கொள்ளுங்கள். 2014-இல் தலையில் ஐஸ் தண்ணீர் ஊற்றிக்கொண்ட சவாலில் ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய்க்கான அமெரிக்கச் சங்கத்துக்கு மட்டும் சுமார் 11.5 கோடி டாலர் வந்தது, அடுத்த கோடையில் அந்த அலை திரும்பவில்லை. அதனால் நன்றிச் செய்தியிலேயே ஒரு வரி சேர்க்கிறோம்: மாதம் 20 ராண்ட் ஸ்டாப் ஆர்டர் (வங்கியிலிருந்து மாதாமாதம் தானாகவே வரும் பணம்) போட விருப்பமா? பெரும்பாலோர் பதில் சொல்வதில்லை. சொன்னவர்களின் பணம்தான் இப்போது புதன்கிழமைப் பருப்புக்குப் போகிறது, அவர்களில் எவருக்கும் அந்த நகைச்சுவைக் கலைஞர் பகிர்ந்தது ஞாபகம்கூட இல்லை.