ஏன் இன்டர்னல் மெடிசின்? வடசென்னை டாக்டர்கள் பர்சனல் ஸ்டேட்மென்ட் எழுதும் முறை

ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிலோ வேறு கல்லூரியிலோ எம்.பி.பி.எஸ். முடித்து அமெரிக்க ரெசிடென்சிக்கு (மருத்துவமனையில் தரும் துறைசார் பயிற்சிக்கு) விண்ணப்பிக்கும் டாக்டர்களில் பலர், அமெரிக்க மருத்துவ உரிமத்துக்கான ஸ்டெப் தேர்வுகளுக்கு வருடக்கணக்கில் படிக்கிறார்கள், இந்தத் துறை ஏன் என்று சொல்லும் ஒரு பக்கக் கட்டுரையான பர்சனல் ஸ்டேட்மென்டைக் கடைசி வாரத்தில் எழுதித் தள்ளுகிறார்கள். 2022 ஜனவரி இறுதியிலிருந்து ஸ்டெப் 1-இல் மதிப்பெண் கிடையாது, பாஸ் அல்லது ஃபெயில் மட்டுமே. மதிப்பெண்ணை வைத்துத் தனித்துத் தெரியும் வழி ஒன்று அடைபட்ட பிறகு, இந்த ஒரு பக்கத்தை அலட்சியமாக எழுதுவது பெரிய இழப்பு.

அந்தப் பக்கம் ஒரே கேள்விக்குத்தான் பதில் சொல்ல வேண்டும்: மூன்று வருடப் பயிற்சிக்கு ஏன் இன்டர்னல் மெடிசினை, அதாவது பெரியவர்களுக்கான பொது மருத்துவத்தைத் தேர்ந்தெடுத்தீர்கள்? "சின்ன வயதிலிருந்தே டாக்டராக ஆசை", "தாத்தா மாரடைப்பில் போனார்" என்பதெல்லாம் டாக்டர் ஆனதற்குக் காரணம். கண் மருத்துவருக்கும் எலும்பு மருத்துவருக்கும் அதே காரணம் இருக்கலாம். நீங்கள் ஒரு நோயாளியை எப்படி யோசித்தீர்கள் என்பதைக் காட்டினால்தான் இந்தத் துறைக்கான பதில் கிடைக்கும்.

எழுத உட்காரும் முன்

ஜூனிலேயே ஒரு நோட்டை எடுங்கள். ஹவுஸ் சர்ஜனாக (எம்.பி.பி.எஸ். கடைசியில் வரும் பயிற்சி டாக்டராக) இருந்தபோதும் அதற்குப் பிறகும் பார்த்தவர்களில் மனதில் நிற்கும் ஐந்தாறு நோயாளிகளைக் குறியுங்கள். ஒவ்வொருவருக்கும் எதிரே மூன்று வரி: முதலில் என்ன நினைத்தோம், எந்தத் தகவல் அதை மாற்றியது, அதன்பின் என்ன செய்தோம். இரண்டாவது வரி காலியாக இருக்கும் நோயாளியை விட்டுவிடுங்கள். அவர் கதை எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் இந்தக் கட்டுரைக்கு உதவாது.

எடுத்துக்காட்டாக ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். காசிமேட்டில் மீன் கூடை ஏற்றி இறக்கும் தொழிலாளி, மழைக்காலம், ஐந்து நாள் காய்ச்சல். பிளேட்லெட் குறைந்திருக்கிறது, எல்லோரும் டெங்கு என்கிறார்கள். ஆனால் கெண்டைக்கால் சதையைத் தொட்டாலே துடிக்கிறார். கண் சிவந்திருக்கிறது, பீளை இல்லை. மஞ்சள் காமாலையைக் காட்டும் பிலிரூபின் 6, கல்லீரல் என்சைம்கள் கொஞ்சம்தான் கூடியிருக்கின்றன. சிறுநீரகப் பழுதைக் காட்டும் கிரியேட்டினின் 3-ஐத் தாண்டியும் பொட்டாசியம் குறைவாகவே இருக்கிறது. சிறுநீரகம் பழுதானால் பொட்டாசியம் ஏறும் என்றுதானே படித்தோம் என்ற உறுத்தலில்தான், சிறுநீரகம் பழுதாகியும் பொட்டாசியம் குறையக்கூடிய, தேங்கிய மழைத் தண்ணீரில் பரவும் எலிக்காய்ச்சல் ஞாபகம் வருகிறது. முதல் வாரத்தில் ஆன்டிபாடி பரிசோதனை நெகட்டிவாக வரலாம் என்பதால் முடிவுக்குக் காத்திராமல் ஆன்டிபயாட்டிக் தொடங்கப்படுகிறது.

இதை ஸ்டேட்மென்டில் ஐந்து வாக்கியத்துக்குள் சொல்ல முடியும். கல்லீரல், சிறுநீரகம், ரத்தம், அந்த மனிதரின் வேலை, மழைத் தண்ணீர் எல்லாவற்றையும் ஒரே மேசையில் வைத்து யோசிப்பது உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்பதைப் படிப்பவரே புரிந்துகொள்வார். "எனக்குப் பகுப்பாய்வுத் திறன் உண்டு" என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சீனியர் டாக்டர் கண்டுபிடித்ததை உங்கள் பெயரில் எழுதிவிடாதீர்கள். நீங்கள் கவனித்தது பொட்டாசியம் மட்டும் என்றால் அதை மட்டும் எழுதுங்கள். அதுவே போதும்.

நோயாளியின் பெயர், வார்டு, தேதி எதுவும் வேண்டாம். காசிமேடு போன்ற இடத்தில் படகின் பெயரும் மாதமும் தெரிந்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். வயதை "நாற்பதுகளில்" என்றும் வேலையைப் பொதுவாகவும் சொல்லுங்கள்.

கூட்டத்தைப் பற்றி எழுதும்போது

வடசென்னை அரசு மருத்துவமனைகளில் வேலை பார்த்தவர்கள் எல்லோரும் "ஒரு நாளைக்கு நூறு நோயாளிகள்" என்று எழுதுகிறார்கள். நூறு பேரை எப்படி ஒழுங்காகப் பார்த்தீர்கள் என்று படிப்பவருக்குச் சந்தேகம்தான் வரும். அந்த வரிசையில் நிஜமாகவே ஆபத்தில் இருந்தவரை எந்தக் கேள்வி கேட்டு, எதைப் பார்த்துப் பிரித்தீர்கள் என்று எழுதுங்கள். வசதிக்குறைவு பற்றியும் அப்படித்தான். இரவில் எந்தப் பரிசோதனை கிடைக்கவில்லை, அது இல்லாமல் எப்படி முடிவெடுத்தீர்கள் என்பது பயன்படும். வேலை பார்த்த இடத்தைக் குறை சொல்வது உங்களையே சிறுமைப்படுத்தும். வியாசர்பாடியின் வறுமையை வர்ணித்து இரக்கம் தேடுவதும் வேண்டாம், அங்கே உள்ளவர்கள் உங்கள் விண்ணப்பத்துக்குச் சாட்சிப்பொருள் அல்ல.

ஏன் அமெரிக்கா என்பதற்கு இரண்டு மூன்று வாக்கியம் போதும். "உலகின் தலைசிறந்த பயிற்சி" என்ற புகழ்ச்சி எடுபடாது. இங்கே உணர்ந்த ஒரு குறையையும் அங்கே உள்ள ஒரு நடைமுறையையும் இணையுங்கள். மாதாமாதம் சர்க்கரை மாத்திரை வாங்க வரும் ஒரு அம்மா, பிளாஸ்டிக் கவரில் பழைய மாத்திரையையும் புதிய மாத்திரையையும் கலந்து வைத்திருப்பார். ஒவ்வொரு முறையும் வேறு டாக்டர் பார்ப்பதால் அந்தக் கவரை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. அமெரிக்க இன்டர்னல் மெடிசின் பயிற்சியில் கன்டின்யூட்டி கிளினிக் என்று ஒன்று உண்டு, ரெசிடென்ட் தன் நோயாளிகளைப் பயிற்சிக்காலம் முழுக்கத் தொடர்ந்து பார்ப்பார். அந்தப் பயிற்சி ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட நேர்மையான காரணம் கிடைப்பது கடினம்.

படிப்பு முடித்து வருடங்கள் ஓடியிருந்தால் மறைக்காதீர்கள். என்ன காரணம், அந்தக் காலத்தில் என்ன மருத்துவ வேலை செய்தீர்கள், இப்போது எப்படித் தயாராக இருக்கிறீர்கள் என்று மூன்று வாக்கியத்தில் முடியுங்கள். தேர்வில் ஒருமுறை தவறியிருந்தாலும் அதுவே முறை, டிரான்ஸ்கிரிப்டில் அது எப்படியும் தெரியும். நீளமாக விளக்கினால் அந்தப் பிரச்சினை இன்னும் தீரவில்லை என்ற எண்ணமே வரும்.

நீளம், மொழி, பதிவேற்றம்

ரெசிடென்சிக்கான இணைய விண்ணப்ப அமைப்பான ஈராஸில் (ERAS) இந்த ஸ்டேட்மென்டுக்கு 28,000 எழுத்து வரை இடம் உண்டு. அதை நிரப்பப் போகாதீர்கள். 650 முதல் 800 ஆங்கிலச் சொற்களுக்குள், ஒரு பக்கத்தில் முடியட்டும். அனுபவப் பகுதியில் பத்து இடம், ஒவ்வொன்றுக்கும் 750 எழுத்து தனியாக இருப்பதால், அங்கே போட்ட பட்டியலை இங்கே திரும்ப ஒப்பிக்க வேண்டாம்.

நம் ஊர் மருத்துவமனை ஆங்கிலம் அங்கே வழுக்கும். "ஹவுஸ் சர்ஜன்" என்றால் அறுவை சிகிச்சைக்காரர் என்று நினைப்பார்கள், "இன்டர்ன்" என்று எழுதுங்கள். 2021-இல் "பாஸ்ட் அவுட்" என்றால் மயங்கி விழுந்ததாக அர்த்தம், "கிராஜுவேட்டட்" என்பதே சரி. "போஸ்டிங்" ரொட்டேஷன் ஆகட்டும், "கேஷுவாலிட்டி" எமர்ஜென்சி ஆகட்டும், பாராசிட்டமால் அசிட்டமினோஃபென் ஆகட்டும்.

வேர்டிலிருந்து நேராக ஒட்டினால் வளைந்த மேற்கோள் குறியும் டிகிரிக் குறியும் கேள்விக்குறியாக மாறக்கூடும், பத்தி இடைவெளியும் குலையும். முதலில் நோட்பேடில் ஒட்டி, அங்கிருந்து எடுத்து ஈராஸில் போட்டு, பிரிவியூவில் ஒரு முறை வரிவரியாகப் படியுங்கள். ஏ.ஐ. கருவியிடம் இலக்கணப் பிழை பார்க்கச் சொல்லலாம், எழுதச் சொல்லாதீர்கள். சொந்த எழுத்து என்று உறுதியளித்துத்தான் விண்ணப்பத்தை அனுப்புகிறீர்கள். சீனியரின் ஸ்டேட்மென்டை வாங்கிப் பெயர் மாற்றுவது இன்னும் மோசம். கண்டுபிடிக்கப்பட்டால் விசாரணை வரை போகும்.

ஃபேமிலி மெடிசினுக்கும் சேர்த்து விண்ணப்பிப்பவர்கள் இரண்டு ஸ்டேட்மென்ட் எழுதியே ஆக வேண்டும். குழந்தையும் பிரசவமும் அந்தத் துறையில் உண்டு, இன்டர்னல் மெடிசினில் பெரியவர்கள் மட்டும்தான், பொதுவாக எழுதினால் இரண்டுக்கும் பொருந்தாது. தலைப்பிலேயே துறையைக் குறித்துச் சேமியுங்கள். எந்த புரோகிராமுக்கு (ரெசிடென்சி தரும் மருத்துவமனைக்கு) எந்த ஸ்டேட்மென்ட் ஒதுக்கியிருக்கிறது என்று அனுப்பும் முன் இன்னொருவரை உட்காரவைத்துச் சரிபாருங்கள். அதிகம் நடக்கும் தவறு இதுதான், நல்ல விண்ணப்பமும் இதில் வீணாகும்.

செப்டம்பர் கடைசியில் புரோகிராம்கள் விண்ணப்பங்களைத் திறக்கின்றன, எனவே ஆகஸ்ட் இறுதிக்குள் முடித்துவிடுங்கள். அக்டோபர் முதல் நேர்காணல் அழைப்பு வந்தால், எழுதியதை அச்செடுத்து ஒவ்வொரு வாக்கியத்தைப் பற்றியும் இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் பேசிப் பாருங்கள். பேச முடியாத வாக்கியம் எது என்று செப்டம்பருக்கு முன்பே தெரிந்திருந்தால், அதை எடுத்துவிட்டே அனுப்பியிருக்கலாம். அதனால் இந்தப் பேச்சுப் பயிற்சியை ஆகஸ்டிலேயே ஒருமுறை செய்துவிடுவது நல்லது.