ஒரு படி குளிர்ந்த பிளக்

வண்டி இன்னும் கொஞ்சம் சீறட்டுமே என்று, என் பழைய பெட்ரோல் காரில் ஒரு படி குளிர்ந்த ஸ்பார்க் பிளக் (முனையின் சூட்டை வேகமாக வெளியே கடத்திவிடும் ரகம்) போட்டேன். இரண்டே வாரம்! காலையில் ஸ்டார்ட் ஆக அடம், ஐடிலில் (வண்டி நின்றபடி என்ஜின் ஓடும்போது) நடுக்கம். கழற்றிப் பார்த்தால், பீங்கான் மூக்கு முழுக்கக் கண்மை அப்பியதுபோல் கரி. தொட்டால் விரலில் ஒட்டுகிறது. தினமும் நாலைந்து கிலோமீட்டர் ஊருக்குள் மட்டுமே ஓடும் வண்டியில் அந்த முனை 450 டிகிரியை எட்டாது, கரி எப்படி எரியும்?

கையேட்டில் உள்ள வெப்ப எண் (பிளக் எவ்வளவு சூடு, எவ்வளவு குளிர்ச்சி என்று காட்டும் எண்) கொண்ட பிளக்கையே திரும்ப வாங்கினேன். (என்ஜிகே பிராண்டில் எண் கூடினால் குளிர்ச்சி, பாஷ் பிராண்டில் நேர்மாறு, கவனம்.) ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து, பொறி பாயும் இடைவெளியை 0.8 மி.மீ. ஆக்கி, ஆறிய என்ஜினில் கையாலேயே திருகி, கடைசி இறுக்கத்துக்கு மட்டும் ஸ்பேனர் போட்டேன். நடுக்கம் நின்றது.

அப்புறம் இரிடியம் முனை வைத்த பிளக்கும் போட்டுப் பார்த்தேன். இழுவை அதேதான்.