துப்பறியும் கதையில் அச்சுப்பிழையும் ஒரு தடயம்

என் முதல் கொலைக் கதை வெளிவந்து மூன்று வாரம் இருக்கும். குடியாத்தத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, செத்துப்போனவரு கடிகாரத்தை இடது கையிலிருந்து வலது கைக்கு மாத்திக் கட்டினது யாரு? கடைசிவரைக்கும் சொல்லவே இல்லையே?" புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். 43ஆம் பக்கத்தில் இடது கை, 118ஆம் பக்கத்தில் வலது கை. யாரும் மாற்றிக் கட்டவில்லை, நான்தான் மறந்திருந்தேன். அந்த அம்மா அதை வைத்தே இறந்தவரின் தம்பிமேல் சந்தேகப்பட்டு, இரண்டு இரவு உட்கார்ந்து படித்திருக்கிறார். அவரிடம் மன்னிப்புக் கேட்டபோது எனக்குக் குரல் எழவில்லை.

குடும்பக் கதையில் இப்படி ஒரு பிழை வந்தால் வாசகர் கடந்து போய்விடுவார். கொலைக் கதையின் வாசகர் நம்மோடு சேர்ந்து விசாரிக்கிறவர், எதையும் தற்செயல் என்று விடமாட்டார். சொந்தமாகப் புத்தகம் போடும் நமக்குப் பின்னால் பதிப்பகமும் இல்லை, பதிப்பாசிரியரும் இல்லை. ஆகவே முதல் தவறு, ஒரே ஆளிடம் ஒரே முறை மெய்ப்புக் கொடுத்துவிட்டு அச்சுக்கு அனுப்புவது. எழுத்துப்பிழை பார்க்க ஒருவர் வேண்டும். நேரம், கிழமை, தூரம், யார் எந்தக் கை, எந்த வாசல் வழியாக வந்தார் என்பதை மட்டும் பார்க்க இன்னொருவர் வேண்டும். இப்போது எனக்கு அந்த இரண்டாவது வேலையைச் செய்கிறவர் குடியாத்தத்து ஆசிரியைதான். தொடராக எழுதுகிறவர்கள் ஒரு நீள நோட்டில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வயது, வண்டி, நோய், பிள்ளைகள் பெயர் எல்லாம் எழுதி வையுங்கள். முதல் புத்தகத்தில் ஆறாவது படித்த இன்ஸ்பெக்டர் மகள், ஒரு வருடம் கழித்து நடக்கும் மூன்றாவது புத்தகத்தில் கல்லூரிக்குப் போய்விடக் கூடாது.

அடுத்தது எழுத்துரு. வேலூர், ஆற்காடு பக்கம் டிடிபி, அதாவது கணினியில் பக்க வடிவமைப்பு, செய்கிறவர்களில் யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறைக்கு முந்தைய பழைய எழுத்துருக்களையே இன்னும் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அச்சில் ஒரு குறையும் தெரியாது. அதே கோப்பை மின்னூலுக்காக யூனிகோடாக மாற்றும்போதுதான் வினை. அந்த எழுத்துருக்களில் பல ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளை உட்கார வைத்தவை. அதனால் நடுவில் ஆங்கிலத்தில் அடித்த சொல்லெல்லாம் மாற்றியில் போனதும் பொருளில்லாத தமிழ் எழுத்துக் குவியலாகிவிடும். கதையில் கொலையாளியைக் காட்டிக்கொடுப்பது டி.என். 23 என்று தொடங்கும் வண்டி எண் என்று வையுங்கள். அதை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தால் மின்னூலில் தடயமே காணாமல் போயிருக்கும். முதல் வரியிலிருந்தே யூனிகோடில் எழுதுங்கள், பக்க வடிவமைப்பும் யூனிகோடிலேயே வேண்டும் என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால், மாற்றிய பிறகு முழுப் புத்தகத்தையும் மறுபடி மெய்ப்புப் பாருங்கள். குறில் நெடில் கொம்புகளும் எண்களும் தனிக் கவனம் கேட்பவை.

பிறகு சட்டம். கொலை என்றதும் நம் கை தானாக 302 என்று, அதாவது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் கொலைப் பிரிவை, எழுதிவிடும். 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய சட்டம் நடப்பில் இருக்கிறது. அதில் கொலைக்கான தண்டனை 103ஆம் பிரிவு. புதிய சட்டத்தின் 302 மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சைப் பற்றியது. உங்கள் இன்ஸ்பெக்டர் 2025-இல் நடந்த கொலைக்கு 302 போட்டால், நீதிமன்ற வளாகத்தில் டைப் அடிக்கிறவர்கூடப் புத்தகத்தை மூடிவிடுவார். அந்தத் தேதிக்கு முன் நடந்த கொலை என்றால் பழைய 302-தான் சரி. இன்னொன்று, கடைசி அத்தியாயத்தில் லாக்கப்பில் குற்றவாளி எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வதாக முடிக்கிறோம். காவல்துறை அதிகாரியிடம் தந்த வாக்குமூலத்தைக் குற்றவாளிக்கு எதிராக நீதிமன்றத்தில் நிரூபிக்க முடியாது. அவர் சொன்னதை வைத்துக் கத்தியைத் தோண்டி எடுத்தார்கள் என்றால், அந்தக் கண்டெடுப்போடு தொடர்புள்ள பகுதி மட்டும் நிற்கும். இதைத் தெரிந்து எழுதினால் முடிவு இன்னும் வலுவாகும். அந்தக் கத்தி எங்கே என்பதே கதையாகிவிடும்.

ஊரும் அப்படித்தான். ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டமானது 2019-இல். 2015-இல் நடக்கும் கதையில் ராணிப்பேட்டை மாவட்ட எஸ்.பி. வரக்கூடாது. 1980-இல் நடப்பது என்றால் வட ஆற்காடு மாவட்டம். அது இரண்டாகப் பிரிந்தது 1989-இல். "சம்பவம் நடந்தப்போ நான் சென்னை ரயில்ல இருந்தேன்" என்று ஒருவர் சாக்குச் சொன்னால், அவர் ஏறியது காட்பாடியிலா, வேலூர் கண்டோன்மென்ட்டிலா என்று யோசியுங்கள். சென்னை – ஜோலார்பேட்டை பாதை காட்பாடி வழியாகப் போகிறது. கண்டோன்மென்ட் இருப்பது விழுப்புரம் போகும் பாதையில். இந்த வித்தியாசம் நம் ஊர்க்காரர் எல்லாருக்கும் தெரியும்.

பணத்தை இழக்கும் இடத்துக்கு வருகிறேன். "பணம் கட்டுங்கள், புத்தகம், ஐஎஸ்பிஎன், விழா எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்பவர்களிடம் என் நண்பர் ஒருவர் மாட்டிக்கொண்டார். ஒப்பந்தத்தில் பதிப்புரிமை அவர்களுக்குப் போயிருந்தது. பக்க வடிவமைப்புக் கோப்பையும் தர மறுத்துவிட்டார்கள். தொடர் எழுதுகிறவருக்கு இது பெரிய அடி. முதல் புத்தகம் ஒருவர் கையில், இரண்டாவது நம் கையில் என்றால் நாயகனே நமக்குச் சொந்தமா என்ற கேள்வி வந்துவிடும். ஐஎஸ்பிஎன் என்பது ஒரு புத்தகத்தின் அடையாள எண். அதை மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் முகமை இலவசமாகவே தருகிறது, எழுத்தாளரும் தன் பெயரிலேயே விண்ணப்பிக்கலாம். அச்சுப் புத்தகத்துக்கு ஓர் எண், மின்னூலுக்கு வேறு எண். பதிப்புரிமை எழுதியவுடனேயே உங்களுடையது. பதிவு செய்வது கூடுதல் சான்றுதான்.

எத்தனை பிரதி அடிப்பது? அரசு நூலகங்களுக்கு வாங்கும் நூலக ஆணை வரும் என்று நம்பி ஆயிரம் அடித்து, கட்டுகளைக் கட்டிலுக்கடியில் வைத்திருப்பவர்கள் இங்கே பலர். ஆணை எப்போது வரும், எத்தனை வரும் என்பது நம் கையில் இல்லை. தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் நூறு பிரதியில் தொடங்குங்கள். ஒரு பிரதிக்கு விலை சற்றுக் கூடும், ஆனால் கடிகாரம் கை மாறிய பிழையை அடுத்த நூறில் திருத்திவிடலாம். நான் ஐந்நூறு அடித்திருந்தேன். விலை வைக்கும்போது கடைக்காரருக்கான கழிவையும் கூரியர் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பக்க எண்ணிக்கையைப் பாரக் கணக்குக்குள், அதாவது பதினாறின் மடங்குக்குள், அடக்கப் பாருங்கள்.

அமேசானின் கிண்டிலில் மின்னூல் போடுகிறவர்கள் அதன் செலக்ட் திட்டத்தை முழுதாகப் படித்துவிட்டுச் சேருங்கள். அதில் இருக்கும் தொண்ணூறு நாளும் அந்த மின்னூல் வேறெங்கும் இருக்கக் கூடாது. கதைச் செயலியில் தொடராக வந்த அத்தியாயங்களை நீக்காமல் சேர்ந்தால் விதிமீறல். அதே தொண்ணூறு நாளில் ஐந்து நாள் இலவசமாகக் கொடுக்கலாம். அந்த ஐந்து நாளை முதல் புத்தகம் வந்த உற்சாகத்திலேயே செலவழித்துவிடாதீர்கள். இலவசமாகப் படித்தவர் அடுத்ததைத் தேடும்போது அடுத்தது இருக்க வேண்டும். இரண்டாவது புத்தகத்தை முடித்து, மூன்றாவதில் பாதி எழுதிய பிறகு முதலாவதை வெளியிடுவதே நல்லது என்பது என் கருத்து. புத்தகத் தலைப்பை ஆங்கில எழுத்தில் அடித்துத் தேடுகிறவர்கள் நிறைய. தேடுசொற்களில் இரு வடிவத்தையும் சேருங்கள். அட்டைகளெல்லாம் ஒரே குடும்பமாகத் தெரியட்டும், முதுகில் வரிசை எண் இருக்கட்டும்.

விளம்பரத்தில் நாம் செய்யும் மிகப் பெரிய தவறு வெளியீட்டு விழாவில் நடக்கிறது. நம் வழக்கப்படி வாழ்த்துரை வழங்குகிறவர் அன்பு மிகுதியால் கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்குவார். "இறுதியில் அந்த டாக்டரே கொலையாளி என்று தெரியும்போது..." என்று அவர் சொல்லி முடித்தால், அரங்கில் இருக்கும் அறுபது பேரில் எத்தனை பேர் வாங்குவார்கள்? பேச்சாளர்களுக்கு முதல் எட்டு அத்தியாயங்களை மட்டும் கொடுங்கள். முழுசாகப் படித்தவர் என்றால் முந்தின நாளே நேரில் போய், "ஐயா, முடிவை மட்டும் சொல்லாதீங்க" என்று கேட்டுக்கொள்ளுங்கள், அவர் தப்பாக நினைக்க மாட்டார். பின்னட்டைக் குறிப்புக்கும் இதே எச்சரிக்கை வேண்டும். பாதிக் கதையில் விழும் இரண்டாவது பிணத்தைப் பின்னட்டையில் எழுதிவிட்டால், அதுவரையிலான நூறு பக்கம் வீண். வாசகர் அது எப்போது வரும் என்றே காத்திருப்பார்.

மச்சானும் சித்தப்பா மகனும் அமேசானில் ஐந்து நட்சத்திரம் போடுவதை அந்தத் தளம் அனுமதிப்பதில்லை. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், பிடித்ததையும் உறுத்தியதையும் எழுதுங்கள் என்று இரண்டு வரி கேட்டு, கூடவே அடுத்த புத்தகத்தின் முதல் அத்தியாயத்தையும் சேருங்கள். அங்கிருந்து வரும் பத்து விமர்சனம் போதும்.

கடைசியாக, நம் வட்டாரத்தில் நடந்த நிஜக் கொலைகளை எடுத்து எழுதுவது. பெயரை மாற்றிவிட்டோம் என்று நாம் நினைப்போம். ஆனால் தெருவும் தொழிலும் வருடமும் அப்படியே இருந்தால் இவ்வளவு சிறிய ஊரில் யாருக்கும் தெரியாமல் போகாது. "உண்மைச் சம்பவம்" என்று அட்டையில் போட்டு விற்பதும் நடக்கிறது. பாலாற்றங்கரையில் ஒரு கொலையை வைத்து நானும் பாதி நாவல் எழுதியிருந்தேன். பேருந்து நிறுத்தத்தில் ஒருநாள் இறந்தவரின் அம்மாவைப் பார்த்தேன், கையில் மருந்துப் பையோடு நின்றிருந்தார். வீட்டுக்கு வந்து அந்தக் கோப்பை அழித்துவிட்டேன்.