மலையேற்றும் முன் ஆட்டிப் பாருங்கள்: பில்லர் ட்ரில் வாங்குவோர் செய்யும் தவறுகள்

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வீட்டோடு ஒரு மரவேலைக் கூடம் போடும் ஆசை நிறையப் பேருக்கு வந்திருக்கிறது. ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள் கட்டிலையும் மேசையையும் தாங்களே செய்துகொள்ளப் பார்க்கிறார்கள். ஓய்வு பெற்றவர்கள் தேயிலைச் செடியின் பழைய வேரைக் கழுவிக் காயவைத்து விளக்குத் தண்டு செய்கிறார்கள். தொடக்கம் எல்லோருக்கும் கை ட்ரில்தான். ஓட்டை ஒரு பக்கம் சாய்ந்தே விழுகிறது என்று தெரிந்த பிறகு, பெஞ்சில் வைத்து, தூணில் நின்றபடி நேராக இறங்கித் துளைக்கிற பில்லர் ட்ரில் தேடிக் கோயம்புத்தூருக்கு இறங்குகிறார்கள். அங்கே போய்ச் செய்கிற தவறுகளைப் பார்த்தால், வருஷத்துக்கு வருஷம் ஆள்தான் மாறுகிறார்கள்.

கண்ணாடி போடுங்கள், பிட்டைக் கவ்வும் சக்கின் சாவியை எடுத்துவிட்டு சுவிட்சைத் தட்டுங்கள் என்பதெல்லாம் மிஷினோடு வரும் புத்தகத்தில் இருக்கிறது. அதை விட்டுவிடுகிறேன்.

பெட்டியில் போட்டிருக்கும் 13, 16

சக் பிடிக்கக்கூடிய மிகப் பெரிய பிட் தண்டின் அளவு அது, மி.மீ. கணக்கில். அலமாரிக் கதவின் ஆட்டோ ஹிஞ்சுக்குக் குழி எடுக்கும் 35 மி.மீ. ஃபார்ஸ்ட்னர் பிட்டின் (தட்டையான அடியோடு அகலக் குழி எடுப்பது) தண்டே 8 அல்லது 10 மி.மீ.தான். வீட்டு மரவேலைக்கு 13 தாராளம். "பதினாறு இருக்குங்க, கொஞ்சம்தான் கூட" என்று கடைக்காரர் சொன்னால், அந்தக் கூடுதல் பணத்துக்கு நல்ல பிட் வாங்கிக்கொள்ளுங்கள்.

'10 இன்ச் மிஷின்' என்று சொல்வதும் இதே ரகம். 10 இன்ச் அகலப் பலகையின் நட்டநடுவில் துளைக்க முடியும் என்பதுதான் கணக்கு. சக்கின் மையத்திலிருந்து தூண் வரைக்கும் இருப்பது 5 இன்ச். டேப்பை எடுத்துப் போய் அளந்து பாருங்கள்.

ஆட்டிப் பார்க்காமல் வண்டியில் ஏற்றுவது

என்னை இன்றைக்கும் கடுப்பேற்றுவது இதுதான். முதல் மிஷினை நானும் இப்படித்தான் வாங்கினேன் என்பதால் கடுப்பு கொஞ்சம் கூடவே வருகிறது.

கடையில் மிஷினைக் காட்டுவதற்கென்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். சக்கை மேலேயே வைத்து சுவிட்சைப் போடுவார்கள். சத்தமில்லாமல் ஓடும். ஓர் இரும்புப் பட்டையில் 6 மி.மீ. ஓட்டை போட்டுக் காட்டுவார்கள், சீவல் சுருள் சுருளாக வரும். பார்க்கிறவருக்கு மனசு நிறைந்துவிடும், பில் போடச் சொல்லிவிடுவார்.

சக்கைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலைத் தாங்கி ஏறி இறங்கும் ஸ்லீவ், மேலே இருக்கும்போது மிஷினின் தலைப்பகுதியான ஹெட்டின் வார்ப்புக்குள் முழு நீளத்துக்கும் பிடிபட்டிருக்கும். அப்போது எந்த மிஷினும் கெட்டியாகத்தான் தெரியும். கைப்பிடியை முழுவதும் இறக்கினால் பிடிமானம் குறைந்து சக் தூரத்தில் தொங்கும். வார்ப்புத் துளைக்கும் ஸ்லீவுக்கும் நடுவில் தலைமுடி அளவு இடைவெளி இருந்தாலும், பிட்டின் நுனிக்கு வரும்போது அது பல மடங்காகப் பெருகியிருக்கும். கட்டில் காலில் ஆழமாகத் துளைக்கும்போது நாம் வேலை செய்வது இந்த நிலையில். கடையில் யாரும் இறக்கிக் காட்டுவதில்லை. வாங்குகிறவரும் கேட்பதில்லை.

கோத்தகிரியில் எனக்குத் தெரிந்த ஒரு தம்பி கற்பூர மரத்தில் (யூகலிப்டஸ்) கட்டில் செய்துகொண்டிருந்தான். கால்களையும் சட்டத்தையும் 8 மி.மீ. மரக்குச்சி வைத்துச் சேர்க்கிற வேலை. "அண்ணா, எட்டு பிட்டுதான் போடறேனுங்க. குச்சி உள்ள போனா கலகலங்குது. எனக்குக் கை இன்னும் பழகலை போல" என்றான். பில்லர் ட்ரில்லில் கைக்கு என்ன வேலை? இறக்குவதும் ஏற்றுவதும்தான். போய் ஸ்லீவை முழுக்க இறக்கி, சக்கைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினேன். டொக் டொக் என்று கேட்டது. நுண்ணிய ஆட்டத்தையும் முள்ளில் காட்டும் டயல் கேஜ் வைத்தபோது முள் அரை மில்லிக்குப் பக்கத்தில் போய் நின்றது. அதற்குள் அவன் புது பிட் செட் வாங்கிவிட்டான், புது கிளாம்ப் வாங்கிவிட்டான். ஆடுகிற குச்சியைச் சுற்றி வெள்ளைப் பசையை ஊற்றி நிரப்பியும் பார்த்திருக்கிறான். அந்தப் பசை ஒட்டி நிற்கும் இரண்டு மரப் பரப்புகளைத்தான் பிடிக்கும். இடைவெளியை அடைக்கிற வேலை அதற்குத் தெரியாது, காய்ந்ததும் சுருங்கி விட்டுவிடும்.

கடைக்குப் போன் போட்டால், "எடுத்துட்டு வாங்க, பார்க்கலாம்." சமவெளியில் இருப்பவருக்கு இது சாதாரணப் பேச்சு. இங்கே வீடு ரோட்டுக்குக் கீழே நாற்பது படி இறங்கி இருக்கும். வார்ப்பிரும்பு மிஷினை ஆள் வைத்து மேலே தூக்க வேண்டும், வண்டி பிடித்து மேட்டுப்பாளையம் வழியாகக் கீழே கொண்டுபோக வேண்டும், மாற்றிக் கொடுத்தாலும் அதே செலவில் திரும்ப ஏற்ற வேண்டும். கூலியையும் வாடகையையும் கூட்டிப் பார்த்த பிறகு மிஷின் அங்கேயே கிடக்கட்டும் என்று விட்டுவிடுவதுதான் வழக்கம். கடைக்காரருக்கும் இது தெரியும். அதோடு ஒரு வசனம் வரும்: "மரத்துக்கு இது போதுங்க, இரும்பு வேலைக்குத்தான் இதெல்லாம் பார்க்கணும்."

இந்த வசனத்தைக் கேட்டால் எனக்குப் பொறுக்காது. இரும்பில் புள்ளி குத்திவிட்டுத் துளைக்கிறோம். பிட் அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்து, தான் போட்ட ஓட்டையையே பிடிமானமாக வைத்துக்கொண்டு இறங்கும். உலோகம் எல்லாப் பக்கமும் ஒரே கெட்டி. மரம் அப்படியா? அதுவும் நம் மலையில் கிடைக்கும் கற்பூர மரத்தில் நார் முறுக்கிக்கொண்டு ஓடும், ஒரு இடம் கல்லாக இருக்கும், அடுத்த வரி மெத்தென்று இருக்கும். ஆடுகிற ஸ்பிண்டில் மெத்தென்ற பக்கமாக வழுக்கிப் போகும், வட்டமாக விழ வேண்டியது முட்டை வடிவத்தில் விழும். ஃபார்ஸ்ட்னர் பிட் போட்டால் விளிம்பு அதிர்ந்து குழியின் ஓரம் பிய்ந்துவிடும். 2 மி.மீ. பிட் பாதியில் ஒடியும்.

கடையிலேயே பார்க்க வேண்டியது இவ்வளவுதான். பிளக்கைப் பிடுங்கச் சொல்லுங்கள். லேத் பட்டறையில் கேட்டால் 10 மி.மீ. நேர்க்கம்பி ஒரு துண்டு கொடுப்பார்கள். அதைச் சக்கில் மாட்டி, ஸ்லீவை முழுவதும் இறக்கி, இரண்டு கையாலும் நான்கு பக்கமும் ஆட்டுங்கள். கையில் ஆட்டம் தெரிந்தாலோ சத்தம் கேட்டாலோ அடுத்த மிஷினுக்குப் போங்கள். ஒரே மாடலில் ஒன்று ஆடும், பக்கத்தில் இருப்பது கெட்டியாக இருக்கும். அதனால் பார்த்த மிஷினையே பில் போடச் சொல்லுங்கள், குடோனிலிருந்து பெட்டி எடுத்துத் தருவதாகச் சொன்னால் அந்தப் பெட்டியையும் பிரித்து ஆட்டிப் பாருங்கள்.

அடுத்தது சுழற்சி. காந்த ஸ்டாண்டோடு டயல் கேஜ் இரவல் கிடைத்தால் கொண்டுபோங்கள். மலையில் தொழிற்சாலை வேலை பார்த்த பெரியவர்கள் வீட்டில் தேடினால் ஒன்று இருக்கும். முள்ளைக் கம்பியின் மேல் வைத்துக் கையாலேயே சக்கைச் சுற்றுங்கள். முள் 0.1 மி.மீ.க்குள் ஆடினால் மரவேலைக்கு நல்ல மிஷின். 0.2, 0.3 என்று போனால் வேண்டாம். சக்கை ஒட்டி ஒரு முறையும், 50 மி.மீ. கீழே ஒரு முறையும் பாருங்கள். கீழே மட்டும் அதிகமாக வந்தால் கம்பி சாய்ந்து நிற்கிறது. பெரும்பாலும் சக்கோ, அது உட்காரும் கூம்பு முனையான டேப்பரில் ஒட்டிய அழுக்கோ காரணமாக இருக்கும். சக்கைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டினாலே சரியாகிவிடுவது உண்டு. சக் மோசம் என்றால் மாற்றிக்கொள்ளலாம், பெரிய செலவில்லை. கழற்றிய பிறகு ஸ்பிண்டிலின் டேப்பரிலேயே முள் ஆடினால் அதற்கு வீட்டில் வைத்தியம் கிடையாது. கடையை விட்டு வெளியே வாருங்கள்.

டயல் கேஜ் கிடைக்கவில்லையா? கம்பிக்குப் பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்து, குறைந்த வேகத்தில் ஓட்டச் சொல்லுங்கள். கம்பியின் ஓரம் கூர்மையாகத் தெரிய வேண்டும். புகை மாதிரி மங்கினால் மையம் தள்ளிச் சுற்றுகிறது.

சில மிஷின்களில் ஹெட்டின் பக்கவாட்டில் பூட்டு நட்டோடு ஒரு ஸ்க்ரூ இருக்கும். அதைக் கால் சுற்று முறுக்கினால் ஸ்லீவின் ஆட்டம் கொஞ்சம் குறையும். கைப்பிடியை விட்டதும் ஸ்லீவ் தானாக மேலே ஏறவில்லை என்றால் அதிகம் முறுக்கிவிட்டீர்கள். கொஞ்சம் ஆடுகிற மிஷினைத் தேற்ற இது உதவும். அரை மில்லி ஆட்டத்தை இதை வைத்து மறைக்கப் பார்த்தால் ஸ்லீவில் கோடு விழுந்ததுதான் மிச்சம்.

அதிக வேகத்தைப் பார்த்து மயங்குவது

"2,600 வரைக்கும் போகுதுங்க" என்பார்கள். மரவேலைக்காரர் கேட்க வேண்டியது எவ்வளவு குறையும் என்பதை. 8 மி.மீ. பிட் 2,500 ஆர்.பி.எம்.மில், அதாவது நிமிடத்துக்கு 2,500 சுற்றாக, சுற்றினால் அதன் விளிம்பு நிமிடத்துக்குச் சுமார் 63 மீட்டர் ஓடுகிறது. 35 மி.மீ. பிட்டின் விளிம்பு அதே வேகத்தில் ஓட 600 ஆர்.பி.எம். போதும். 2,500-லேயே விட்டால் 275 மீட்டர். ஹிஞ்ச் குழி கருகும், பிட்டின் கூர் நீலம் பாய்ந்து போய்விடும். கீழ் வேகம் 500, 600-க்குள் இல்லாத மிஷின் வேண்டாம். 50 மி.மீ. பிட் போடும் எண்ணம் இருந்தால் 300 பக்கம் இறங்குவதைத் தேடுங்கள்.

வேகம் மாற்ற பெல்ட்டைக் கழற்றி மாட்ட வேண்டும் என்று சலித்துக்கொண்டு புல்லியின் ஒரே பள்ளத்தில் வருஷக்கணக்காக ஓட்டுகிறவர்களுக்கு எழுதுவதற்கு ஒன்றுமில்லை.

50 மி.மீ. ஸ்ட்ரோக்

சின்ன மிஷின்களில் ஸ்ட்ரோக், அதாவது ஸ்லீவ் இறங்கும் தூரம், 50 மி.மீ.தான். மூன்று இன்ச் கட்டில் கால் 75 மி.மீ. பாதி துளைத்துவிட்டு டேபிளை உயர்த்த வேண்டும். உருண்டைத் தூணில் டேபிளைத் தளர்த்தினால் அது பக்கவாட்டில் திரும்பிவிடும், பிட் பழைய மையத்துக்கு வராது. 80 மி.மீ. ஸ்ட்ரோக் உள்ளது கைக்கு எட்டும் விலையில் இருந்தால் மோட்டாரின் எச்.பி.யைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாவது அதை வாங்குங்கள்.

மோட்டார் இல்லாத விலை

நம் ஊர் வார்ப்பிரும்பு மிஷின்களுக்கு முதலில் சொல்லும் விலை பல இடங்களில் மோட்டார் இல்லாமல்தான். சக், பெல்ட், சுவிட்ச் சேருமா என்றும் கேளுங்கள். மோட்டாரோடு தருவதாக இருந்தால் சிங்கிள் பேஸா, த்ரீ பேஸா என்று பில்லில் எழுதி வாங்குங்கள். வீட்டில் சிங்கிள் பேஸ் வைத்துக்கொண்டு, மலிவாகக் கிடைக்கிறதென்று த்ரீ பேஸ் மோட்டார் ஏற்றி வந்தவர்கள் இருக்கிறார்கள்.

"இவ்வளவு உயரத்தில் மோட்டார் தாங்குமா?" என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. பொதுவாக மோட்டார்களின் திறனைக் கணக்கிடுவது 1,000 மீட்டர் உயரம், 40 டிகிரி வெப்பம் வரைக்கும். மேலே போகப் போகக் காற்று மெலிவதால் மோட்டார் ஆறுவது குறையும். குன்னூர் சுமார் 1,850 மீட்டர், ஊட்டி 2,240. ஆனால் நம் கூடத்தில் 40 டிகிரி எங்கே இருக்கிறது? குளிர் அதை ஈடுகட்டிவிடும். பயப்பட வேண்டியது வோல்டேஜுக்கு. லைன் முடிகிற எஸ்டேட் வீடுகளில் 230 வர வேண்டிய இடத்தில் 180 வந்தால், மோட்டாரின் இழுவை அறுபது சதவீதமாகக் குறைந்துவிடும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் அதையும் குறைக்கும்.

கரண்ட் வந்ததும் தானாக ஓடும் சுவிட்ச்

மழைக்காலத்தில் கரண்ட் போவதும் வருவதுமாக இருக்கும் இடம் இது. கரண்ட் போனால் விழுந்துவிட்டு, மறுபடி அழுத்தினால்தான் ஓடும் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எலக்ட்ரீஷியனிடம் சொல்லி மாட்டிக்கொள்ளுங்கள்.

ட்ரில்லை ரவுட்டர் ஆக்குவது

பலகையைப் பக்கவாட்டில் தள்ளிக் காடி எடுக்கிற ரவுட்டர் வேலையை இதில் செய்யாதீர்கள். சக் டேப்பரில் உரசலால் மட்டும் நிற்கிறது. பக்கவாட்டு அழுத்தம் கொடுத்தால் சுற்றிக்கொண்டே கழன்று விழும்.

லேசர் ஒளி

பிட் விழும் இடத்தைக் காட்ட என்று சேர்த்துத் தருவார்கள். வேண்டாம்.

கையுறை

ஊட்டிக் குளிராக இருந்தாலும் கூடாது. மஃப்ளரும் அப்படியே.

போல்ட் போடாமல் நிறுத்துவது

மிஷினின் பாரம் முழுக்கத் தலையில். பெஞ்சோடு முடுக்குங்கள்.

துருவுக்கு எண்ணெய்

மூடுபனி கதவிடுக்கில் நுழைகிற கூடத்தில் வார்ப்பிரும்பு டேபிள் சீக்கிரம் பழுப்பேறும். அதற்கு எண்ணெய் பூசி வைக்கிறார்கள். அடுத்து வைக்கும் பலகை அந்த எண்ணெயைக் குடிக்கும், அந்த இடத்தில் பாலிஷ் பிடிக்காது. மெழுகு தேய்த்துத் துணியால் துடைத்தால் போதும், தூணுக்கும் அதேதான். சீகை (வாட்டில்), கற்பூர மரத்தூளை ராத்திரி டேபிளில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். சீகைப் பட்டையைத் தோல் பதனிட வாங்கினார்கள் என்றால் அதிலிருக்கும் டானினுக்காகத்தான். ஈரத்தூளில் அந்த டானின் இரும்போடு சேர்ந்து காலையில் கருநீலத் திட்டாக நிற்கும், அதன் மேல் வைத்த சில்வர் ஓக் பலகையிலும் அந்தக் கறை ஏறும். வேலை முடிந்ததும் பிரஷ்ஷால் ஒரு தள்ளு, ஜூன் மழைக்கு முன்னால் ஒரு மெழுகு, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் இன்னொன்று.