வீட்டு ஆர்கேட் கேபினட்டுக்கு ஜாய்ஸ்டிக்: தேர்வும் சரிசெய்தலும்

ஆர்கேட் கேபினட் என்னும் வீடியோ கேம் பெட்டிக்கு ஜாய்ஸ்டிக் வாங்கும் முன், எந்த ஆட்டங்களை அதிகம் ஆடப்போகிறீர்கள் என்று எழுதிவையுங்கள். பாக்-மேன் (1980), டாங்கி காங் (1981) இரண்டும் நான்கு திசை ஆட்டங்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 (1991) போன்ற சண்டை ஆட்டங்களுக்கு மூலைகளும் சேர்த்து எட்டுத் திசையும் வேண்டும். எட்டுத் திசை ஸ்டிக்கில் பாக்-மேன் ஆடும்போது கை கொஞ்சம் சரிந்தாலே, அடியில் திசைக்கு ஒன்றாக உள்ள ஸ்விட்ச்களில் இரண்டு ஒன்றாக அழுந்தும். நினைத்த திருப்பம் தவறிப்போகும். டாங்கி காங்கில் ஏணியடியிலேயே மாரியோ நின்றுவிடுவார். பலரும் ஸ்டிக் பழுது என்று நினைப்பது இதைத்தான்.

இதைத் தீர்ப்பது கேட். ஸ்டிக்கின் தண்டான கம்பி எதுவரை சாயலாம் என்று தடுக்கும் தகடு அது. சான்வா நிறுவனத்தின் ஜேஎல்எஃப் ஸ்டிக்கில் சதுர கேட் வருகிறது. அடியிலிருந்து கழற்றி 45 டிகிரி திருப்பி மாட்டினால் மூலைகள் மேல், கீழ், இடம், வலம் என அமைந்து நான்கு திசைக்கு மாறிவிடும். ஆனால் ஒவ்வொரு முறையும் ஸ்டிக் பொருத்திய பேனலைத் திறக்க யாருக்கும் பொறுமை இருக்காது. புதிர்வழி ஆட்டங்களில் பிரியம் இருந்தால், பேனல் நடுவில் நான்கு திசைக்கென்றே தனி ஸ்டிக் ஒன்று வைப்பதுதான் சரி.

லேசான கைக்கு ஜேஎல்எஃப் பொருந்தும். இன்னும் இறுக்கம் வேண்டுமென்றால் செய்மிட்சு நிறுவனத்தின் எல்எஸ்-32. முழு முஷ்டியால் பிடித்து ஆடுபவர்களுக்கு, நீள்பிடி வைத்த ஹேப் காம்படிஷன் வகை நல்லது. தடித்த மரப் பேனலிலும் அது அப்படியே உட்காரும்.

ஜேஎல்எஃப், எல்எஸ்-32 போன்ற ஜப்பானிய ஸ்டிக்குகள் மெல்லிய உலோகப் பேனலுக்காகச் செய்யப்பட்டவை. 18 மி.மீ. பிளைவுட்டில் நேரடியாக மாட்டினால் கம்பி குட்டையாகிவிடும். ஆகவே பேனலின் அடிப்பக்கத்தை ரௌட்டரால் (மரம் குடையும் மின்கருவி) குடையவேண்டும். பேனலின் மேற்பரப்பிலிருந்து பிடியாக உள்ள உருண்டையின் அடிவரை 23–24 மி.மீ. இருந்தால் கைக்கு வசதி. அந்த அளவு வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்து மாட்டிப் பாருங்கள். கம்பிக்கு 24 மி.மீ. துளை போதும். கேட்டைத் தொடும் முன்பே கம்பி துளையின் விளிம்பில் உரசினால், அடிப்பக்க விளிம்பைச் சரிவாகச் செதுக்குங்கள்.

வயரிங்கில் பலர் தடுமாறும் இடம்: கம்பி நடுவில் ஊன்றி ஆடுவதால், பிடியை மேலே தள்ளினால் அழுந்துவது கீழே உள்ள ஸ்விட்ச். ‘மேல்’ வயர் அங்கேதான் போகவேண்டும். மூன்று கால் மைக்ரோஸ்விட்ச்சில் ‘காம்’ (பொதுவான கால்), ‘என்ஓ’ (அழுத்தினால் மட்டும் இணையும் கால்) இரண்டை மட்டும் பயன்படுத்துங்கள். அழுத்தாதபோது இணைந்திருக்கும் ‘என்சி’-யில் கொடுத்தால், தொடாமலே அந்தத் திசை அழுந்தியபடி இருக்கும். ஜேஎல்எஃப்-இல் ஐந்து முனை இணைப்பான் ஒன்றுதான். ஸ்டிக்கைத் திருப்பி மாட்டினால் திசைகளும் திரும்பும், ஸ்விட்ச்களைக் கணினியோடு இணைக்கும் பலகையான என்கோடரில் வயர்களை இடம் மாற்றினால் போதும்.

கம்பி நடுவுக்கு மெதுவாகத் திரும்பினால் கடினமான ஸ்பிரிங் போடுங்கள். அதிகம் சாய்த்த பிறகே திசை பதிவானால், சற்றுப் பெரிய ஆக்சுவேட்டர் (கம்பியின் அடியில் ஸ்விட்ச்களை அழுத்தும் உருளை) அந்தத் தூரத்தைக் குறைக்கும். அளவு மீறினால் நடுவில் இருக்கும்போதே ஸ்விட்ச் அழுந்தத் தொடங்கும். இரண்டு வேலைக்கும் கம்பியின் அடிமுனையைப் பிடித்திருக்கும் சிறு வளையமான இ-கிளிப்பைக் கழற்றவேண்டும்: ஆக்சுவேட்டரை அழுத்திப் பிடித்து, தட்டை ஸ்க்ரூடிரைவரால் நெம்புங்கள். கிளிப் துள்ளிப் பறக்கும், இன்னொரு கையால் மறைத்துக்கொள்ளுங்கள். பிரித்த கையோடு, கம்பி ஊன்றும் இடத்தில் அரிசி அளவு சிலிகான் கிரீஸ் தடவலாம். ஸ்விட்ச் பக்கம் போகக்கூடாது. தெளிக்கும் எண்ணெய் வேண்டாம், அது கிரீஸைக் கரைத்துவிடும்.

மூடும் முன் வின்டோஸின் கேம் கன்ட்ரோலர் சோதனைத் திரையில் கம்பியை மெதுவாக வட்டமாகச் சுற்றுங்கள். எட்டுத் திசை ஸ்டிக் என்றால் எட்டும் வரிசையாக வரவேண்டும். ஒரு மூலை மட்டும் விட்டுப்போனால், அதை ஒட்டிய இரண்டு ஸ்விட்ச்களில் ஒன்று தளர்ந்திருக்கும் அல்லது கேட் கோணலாக உட்கார்ந்திருக்கும்.