உகாண்டா கிராமப் பள்ளிக்குத் தண்ணீர், கழிப்பறை, வகுப்பறை: வேலை தொடங்குமுன் தெரிய வேண்டியவை

பணம் திரட்டியதும் பலரும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை கழிப்பறை கட்டலாம்?" என்பது. அதற்கு முன் பள்ளி வளாகத்தில் ஏற்கெனவே நிற்கும் அடிபம்பைப் பாருங்கள். ஒரு ரப்பர் வாஷர் தேய்ந்ததால் நின்றுபோன பம்புக்குப் பக்கத்தில் புதிதாக ஆழ்துளைக் கிணறு தோண்டுவது காசைக் கொட்டுவதுதான்.

பம்பைச் சோதிப்பது

உகாண்டாவில் யூ2 என்று அழைக்கப்படுவது இந்தியா மார்க் 2 வகை அடிபம்பு. அதைச் சோதிக்க ஒரு வாளியும் கடிகாரமும் போதும். தண்ணீர் சீராக வரும்வரை அடித்துவிட்டு, பிறகு ஒரு நிமிடத்தில் 40 முறை அடித்து வாளியில் பிடியுங்கள். 10 லிட்டருக்குக் குறைந்தால் கிணற்றுக்குள் இருக்கும் பம்பு சிலிண்டரில் வாஷர் தேய்ந்திருக்கிறது, அல்லது குழாயில் ஓட்டை. அடுத்து அரை மணி நேரம் பம்பைச் சும்மா விட்டு மறுபடி அடியுங்கள். ஐந்து முறை அடிப்பதற்குள் தண்ணீர் வர வேண்டும். அதற்கு மேல் ஆனால் சிலிண்டரின் அடியிலுள்ள வால்வு கசிகிறது, அல்லது குழாய் இணைப்பில் தண்ணீர் இறங்குகிறது.

காலையில் முதல் வாளி செம்பழுப்பாக வந்தால் துருவைச் சந்தேகியுங்கள். தண்ணீரின் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு) 6.5-க்குக் கீழே இருந்தால் கால்வனைஸ்டு (துத்தநாகம் பூசிய) இரும்புக் குழாய் உள்ளிருந்தே அரிக்கப்படும். துருச் சுவையுள்ள தண்ணீரைக் குழந்தைகள் தொட மாட்டார்கள்; பக்கத்துக் குட்டைக்குப் போவார்கள். அப்படிப்பட்ட கிணற்றில் மீண்டும் அதே இரும்புக் குழாயை இறக்காமல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் போட வேண்டும். செலவு கூடும், ஆனால் இதில் மிச்சம் பிடிக்க இடமில்லை.

பம்பைச் சுற்றியுள்ள சிமென்ட் தளத்தில் விரிசல் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். கால் கழுவிய நீர் அந்த விரிசல் வழியாகவே கிணற்றுக்குத் திரும்பும். விரிசலை வெட்டி அகலமாக்கி ஒரு பங்கு சிமென்ட், மூன்று பங்கு மணல் கலவையால் அடையுங்கள். வடிகாலை சில மீட்டர் தள்ளிக் கொண்டுபோய் வாழைக்குப் பாய விடுங்கள். மாடு நுழையாதபடி வேலி அவசியம்.

எவ்வளவு தண்ணீர்?

பகல் நேரப் பள்ளிக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. 400 பிள்ளைகளுக்கு 2,000 லிட்டர். 10,000 லிட்டர் மழைநீர்த் தொட்டி ஐந்து நாளில் காலியாகும். ஆகவே தொட்டி துணைக்குத்தான், பம்புக்கு மாற்று அல்ல. 140 சதுர மீட்டர் தகரக் கூரையில் 10 மி.மீ. மழை பெய்தால் சேதாரம் போக ஏறத்தாழ 1,100 லிட்டர் கிடைக்கும். முதல் மழையில் பறவை எச்சமும் தூசியும் வரும். சதுர மீட்டருக்கு ஒரு லிட்டராவது வெளியே போகும்படி தனிக் குழாய் வையுங்கள்.

குடிப்பதற்குப் பிடித்து வைக்கும் நீரில் குளோரின் போட வேண்டும். தெளிந்த தண்ணீருக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம். 3.5 சதவீத ப்ளீச் என்றால் 20 லிட்டர் ஜெர்ரிகேனுக்கு 1.2 மி.லி. வரும், ஊசி இல்லாத சிரிஞ்சில் அளந்தால் தவறாது. ப்ளீச்சில் வாசனையோ சோப்போ கலந்திருக்கக் கூடாது. கலங்கிய தண்ணீரைத் துணியில் வடிகட்டி இரண்டு மடங்கு போடுங்கள். அரை மணி கழித்துச் சோதித்தால் லிட்டருக்கு 0.5 மி.கி. அளவில் குளோரின் மிஞ்ச வேண்டும். டம்ளரை உள்ளே விட்டு மொள்ளும் பாத்திரமாக இருந்தால் இத்தனை பாடும் வீண். குழாய் வைத்த, மூடியுள்ள பாத்திரம் வேண்டும்.

கழிப்பறைக் குழி

உகாண்டாவின் கணக்கு 40 பிள்ளைகளுக்கு ஓர் அறை. உலக சுகாதார நிறுவனம் 25 பெண் பிள்ளைகளுக்கு ஒன்று, 50 பையன்களுக்கு ஒன்றும் கூடவே சிறுநீர்த் தொட்டியும் என்கிறது. இடைவேளையில் பெண் பிள்ளைகள் நிற்கும் வரிசையைப் பார்த்தால் இரண்டாவது கணக்கே நியாயம் என்று தெரியும்.

காற்றுக்குழாய் வைத்த குழிக் கழிப்பறை 1970களில் ஜிம்பாப்வேயில் உருவானது. குழாய் முனையில் வீசும் காற்று குழிக்காற்றை மேலே இழுக்கும். ஈக்கள் வெளிச்சம் தெரியும் குழாய் வழியே ஏறி, வலையில் மாட்டிச் சாகும். இது வேலை செய்யச் சில விஷயங்கள் விட்டுப்போகக் கூடாது. குழாய் 150 மி.மீ. விட்டம், கூரைக்கு மேல் 50 செ.மீ. உயரம், மேலே மரக்கிளை இல்லாமல் இருக்க வேண்டும். வலை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். சாதாரணக் கம்பி வலையைக் குழி வாயு சீக்கிரமே தின்றுவிடும். அறைக்குள் அரையிருட்டு வேண்டும். ஓட்டைக்கு மூடி போடக் கூடாது, காற்று நின்றுவிடும். மேஸ்திரிகள் அதிகம் செய்யும் பிழை, ஐந்து அறைக்கும் ஒரே குழியை விட்டு ஒரு குழாய் வைப்பது. காற்று ஓர் ஓட்டையில் இறங்கி அடுத்த ஓட்டையில் ஏறும், நாற்றமும் கூடவே. குழிக்குள் ஒவ்வோர் அறைக்கும் தடுப்புச் சுவரும் தனிக் குழாயும் வையுங்கள்.

குழி கிணற்றிலிருந்து 30 மீட்டர் தள்ளி, பள்ளமான பக்கத்தில் இருக்கட்டும். அடிப்பகுதி மழைக்கால நிலத்தடி நீர்மட்டத்துக்கு 1.5 மீட்டராவது மேலே இருக்க வேண்டும். அளக்க வேண்டியது மழைக்கால முடிவில். கோடையில் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். பகல் பள்ளிக்குப் பிள்ளைக்கு ஆண்டுக்கு 0.03 கன மீட்டர் கழிவு சேரும் என்று வைத்தால் 40 பேருக்கு 1.2. மேலே அரை மீட்டர் விட்டு 3.75 கன மீட்டர் குழி மூன்று ஆண்டு தாங்கும். அதன்பின் அள்ள வசதியாக, குழிக்குச் சுவர் கட்டிப் பின்பக்கம் திறக்கும் மூடி வைக்க வேண்டும். துடைக்க மக்காச்சோளக் கதிர் தண்டு போடும் ஊரில் இன்னும் சீக்கிரம் நிரம்பும்.

சிறு பிள்ளைகளுக்கான ஓட்டையின் அகலம் 15 செ.மீ. தாண்டக் கூடாது. 2014 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் லிம்போபோ மாகாணத்தில் ஐந்து வயதுச் சிறுவன் பள்ளிக் கழிப்பறைக் குழிக்குள் விழுந்து இறந்தான். பழைய தளத்தைத் தட்டிப் பார்க்காமல், கம்பி வெளியே தெரிகிறதா என்று பார்க்காமல், பிள்ளைகளை உள்ளே விடாதீர்கள்.

பெண் பிள்ளைகளின் அறைகளில் ஒன்றாவது துவைக்கவும் குளிக்கவும் இடம்கொண்டதாக, உள்ளே தாழ்ப்பாளும் வடிகாலும் உள்ளதாக இருக்கட்டும். நாப்கின்னுக்கு மூடியுள்ள தொட்டி வையுங்கள். இல்லாவிட்டால் எல்லாம் குழிக்குள் போகும், அள்ளும்போது கழிவை உறிஞ்சும் பம்பு அடைக்கும்.

கை கழுவ

கம்பில் தொங்கவிட்டுக் காலால் மிதித்துச் சாய்க்கும் 5 லிட்டர் கேன் சிறு பள்ளிக்குச் சரி. 400 பேருக்கு அது இடைவேளையிலேயே தீரும். 100 லிட்டர் டிரம்மிலிருந்து ஒரு பிவிசி குழாயைப் படுக்கை வசத்தில் கொண்டுபோய், 2 மி.மீ. துளைகள் வரிசையாகப் போட்டால் பத்துப் பேர் ஒன்றாகக் கழுவலாம். கட்டிச் சோப்பு காணாமல் போகும். 1.5 லிட்டர் பாட்டிலில் 30 கிராம் துணி சோப்புத்தூளைக் கரைத்து, மூடியில் ஆணியால் துளை போட்டுக் கட்டிவிடுங்கள்; யாரும் எடுத்துப் போவதில்லை. சோப்புத்தூளுக்கான பணத்தை அரசு பிள்ளைக் கணக்கில் தரும் தொகையில் சேர்ப்பதாகப் பள்ளி நிர்வாகக் குழு எழுதித் தந்த பிறகு கடைக்கால் தோண்டுங்கள்.

வகுப்பறை

முதலில் தரை. புழுதித் தரையில் வளரும் மணல் தெள்ளுப்பூச்சி (ஜிகர்) பிள்ளைகளின் கால்விரலில் புகுந்து முட்டையிடும். நடக்க முடியாமல் பள்ளிக்கு வராமல் நின்றுவிடுவார்கள். 15 செ.மீ. கல் பரப்பி இடித்து, அதன்மேல் 7.5 செ.மீ. கான்கிரீட்டை 2 முதல் 3 மீட்டர் கட்டங்களாக ஊற்றுங்கள். மொத்த அறையையும் ஒரே வீச்சில் ஊற்றினால் வெடிக்கும். ஏழு நாள் ஈரம் காயக் கூடாது.

கூரைச் சட்டத்தைச் சுவரின் உச்சியைச் சுற்றி ஓடும் கான்கிரீட் விட்டத்தோடு இரும்புப் பட்டையால் கட்டுங்கள். ஆணி மட்டும் அடித்த தகரத்தைக் காற்று தூக்கிப்போகும். இறவாரம் 60 செ.மீ. நீட்டினால் சுவரடி நனையாது. தகரத்துக்குக் கீழே கோரைப்பாய் கட்டினால் சூடும் மழைச் சத்தமும் குறையும். உள்சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாலே கடைசி பெஞ்சில் கரும்பலகை தெளிவாகத் தெரியும்.

டிசம்பர் விடுமுறைக்கு முன்

வடக்கு உகாண்டாவில் டிசம்பரிலிருந்து மார்ச் வரை மழை அரிது. பள்ளி பிப்ரவரியில் திறக்கும். ஆகவே நவம்பரில் நிரம்பிய தொட்டியின் குழாய்க்குப் பூட்டுப் போடுங்கள். சாவி இரண்டு: ஒன்று தலைமையாசிரியரிடம், இன்னொன்று விடுமுறையிலும் ஊரில் இருக்கும் நிர்வாகக் குழு உறுப்பினரிடம். காற்றுக்குழாய் ஒவ்வொன்றிலும் மேலிருந்து ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் சிலந்தி வலை அறுந்து இறங்கும். பம்புக்கு இரண்டு செட் வாஷரும், வாங்கிய கடையின் பெயரும் ஒரு டப்பாவில் போட்டுப் பள்ளி அலமாரியில் வையுங்கள்.